சுகப்பிரசவம் என்னும் மங்கல வழக்கு

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குத் தகுதி வழக்கு மூன்று என்பது மனப்பாடம்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. அவையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது முதலாவது. அமங்கலமானதை மங்கலமான சொல்லால் குறிப்பது இரண்டாவது. செத்தாரைத் துஞ்சினார் என்பது போல. ஒரு தொழிற்குழுவினர் பிறருக்குப் புரியாதபடி தமக்குள் பேசிக்கொள்வது மூன்றாவது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது போல. இருபது ஆண்டுகளாக நன்னூல் நடத்துகிறேன். இந்த மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே உடலின் மீது செயல்படுவதற்கு எடுத்துக்காட்டு கேட்டால் பிரசவ அறையைத்தான் சொல்வேன்.

குழந்தையின் தலை வெளிவரும் நேரத்தில் யோனியின் கீழ்விளிம்பிலிருந்து மலவாய்ப் பக்கமாகக் கத்தரியால் வெட்டி, குழந்தை பிறந்தபின் தைத்துவிடுகிறார்கள். இதை அறைக்குள் இருப்பவர்கள் 'எபி' என்கிறார்கள். அது குழூஉக்குறி. வெட்டப்பட்டவள் வெளியே வந்து 'கீழே தையல் போட்டிருக்கு' என்கிறாள். அது இடக்கரடக்கல். வாசலில் காத்திருந்த உறவினர்கள் ஊருக்குப் போன் போட்டு 'சுகப்பிரசவம்' என்கிறார்கள். அது மங்கலம். நடந்தது என்ன என்பது இந்த மூன்று சொல்லிலும் இல்லை.

சுகப்பிரசவம் என்ற சொல்லின் பொருள் இன்று எதிர்மறையால் ஆனது. சிசேரியன் இல்லை என்பதே அதன் முழுப் பொருள். ஒருத்திக்கு இருபது மணிநேரம் வலி இருந்திருக்கலாம். வயிற்றின்மேல் கைவைத்து யாரேனும் அழுத்தியிருக்கலாம். வெட்டுக்காயம் ஆறாமல் இரண்டு மாதம் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுத்திருக்கலாம். வயிற்றில் கத்தி படாதவரை அவளுக்கு நடந்தது சுகம். இச்சொல்லுக்குள் யாருடைய சுகம் பேசப்படுகிறது என்ற கேள்வியை வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் உடலைச் சொல்லிவிடுகிறேன். யோனிக்கும் மலவாய்க்கும் நடுவே உள்ள சிறு தசைப்பகுதி பிரசவத்தின்போது வியக்கத்தக்க அளவு விரியக்கூடியது. விரியும்போது சிலருக்குக் கிழிகிறது. மருத்துவம் அந்தக் கிழிசலை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. தோல் மட்டும் கிழிவது முதல் படி. பெரும்பாலும் தானே ஆறிவிடும். தசையும் சேர்ந்து கிழிவது இரண்டாம் படி. எபிசியாட்டமி என்ற வெட்டும் ஆழத்தில் ஏறக்குறைய இதற்குச் சமம். மலவாயைச் சுற்றியுள்ள சுருக்குத்தசை வரை போவது மூன்றாம் படி; மலக்குடலின் உட்சவ்வு வரை போவது நான்காம் படி. கடைசி இரண்டும்தான் அஞ்ச வேண்டியவை. அவற்றைச் சரியாகக் கண்டுபிடித்துத் தைக்காவிட்டால், காற்றையும் மலத்தையும் அடக்க முடியாத நிலையோடு ஒரு பெண் வாழ்நாளைக் கழிக்க நேரும். அவள் அதை யாரிடமும் சொல்லவும் மாட்டாள்.

அந்த இடத்துக்கு நம் அன்றாடப் பேச்சில் பெயர் இல்லை. பெயரே இல்லாத மொழி என்றும் சொல்லிவிட முடியாது. குதத்துக்கும் குய்யத்துக்கும் நடுவே என்று யோக நூல்கள் இடம் காட்டி, அதற்கு மூலாதாரம் என்று பெயரிட்டன. ஔவையின் விநாயகர் அகவலில் மூலாதாரம் வருகிறது. குண்டலினி உறங்கும் இடமாக, நான்கிதழ்த் தாமரையாக, கணபதியின் இருப்பிடமாக அந்தச் சிறு தசை போற்றப்பட்டிருக்கிறது. யோகியின் உடலில் பெயரும் தெய்வமும் உள்ள இடம், பிள்ளை பெறுகிறவளின் உடலில் 'கீழே' என்றாகிவிடுகிறது. மொழிக்கு வறுமை இல்லை. பங்கீட்டில்தான் ஓரவஞ்சனை.

இலக்கியத்துக்கு வருவோம். சங்கத் தமிழில் புனிறு என்றொரு சொல் உண்டு. ஈன்ற அணிமையைக் குறிக்கும் சொல் என்று தொல்காப்பிய உரியியல் அதற்குப் பொருள் சொல்கிறது. ஈன்ற பசுவுக்கும், குட்டி போட்ட பசியோடு திரியும் பெண்புலிக்கும், பெற்றெடுத்த பெண்ணுக்கும் புலவர்கள் அதே சொல்லைப் பயன்படுத்தினார்கள். பேற்றுக்குப் பிந்திய சில நாட்களை ஒரு தனி நிலையாக, அதற்கே உரிய மணமும் களைப்பும் பசியும் கொண்ட நிலையாகக் கண்டு பெயரிட்ட சமூகம் அது. நற்றிணையின் 40ஆம் பாட்டில் ஒரு பேறுகால அறை வருகிறது. மணி ஒலிக்கும் வீடு, புனிற்று நாற்றம், உறங்கும் புதல்வன், வெண்கடுகு அப்பி, நெய்யாடி, இமை மூடிக் கிடக்கும் பெண். நள்ளிரவில் கணவன் திருடனைப் போல வருகிறான். உரைகாரர்கள் அவன் வருகையின் பொருளைப் பேசினார்கள். நான் வகுப்பில் அந்தப் பாட்டை நடத்தும்போது மூடிய இமைகளில் நிற்பேன். அவள் உடம்பில் என்ன வலி, எங்கே வலி என்று பாட்டு சொல்லவில்லை. ஆனால் அவள் கிடக்கிறாள் என்றாவது சொன்னது.

பிற்காலம் அதைக்கூடச் சொல்லவில்லை. பிள்ளைத்தமிழ் என்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையைப் பத்துப் பருவங்களாகப் பிரித்துப் பாடும் அந்த வகையில் முதலாவதான காப்புப் பருவம் மூன்றாம் மாதத்தை ஒட்டித் தொடங்குகிறது. அதாவது காயம் ஆறி, தீட்டு கழிந்து, தாய் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு. புறநானூற்றில் காவற்பெண்டு தன் வயிற்றைப் புலி தங்கிப்போன குகைக்கு ஒப்பிட்டாள். பொன்முடியார் பெற்றுத் தருவதைத் தாயின் கடமையாக வகுத்தார். குகைக்கு வலிக்குமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. வீரம் தேவைப்பட்ட இடத்தில் வயிறு இருந்தது. வழி இல்லை.

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை இதற்கு ஒரு விதிவிலக்கு. ரத்தினாவதியின் பிரசவத்துக்குத் துணையாக வரவேண்டிய தாய் காவிரி வெள்ளத்தால் மறுகரையில் நின்றுவிட, சிவன் அந்தத் தாயின் உருவில் வந்து பேறு பார்த்தார் என்கிறது தலபுராணம். கடவுள் மருத்துவராக வரவில்லை, அம்மாவாக வந்தார் என்பதை நம் முன்னோர்கள் யோசித்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒருத்திக்கு வேண்டியது கையைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்த ஆள் என்ற அறிவு அந்தக் கதையில் இருக்கிறது. திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் சுகப்பிரசவம் வேண்டி வயிற்றில் தடவ விளக்கெண்ணெய் வாங்கிப் போகும் பெண்களும் கேட்பது இதைத்தான்: என்னைக் காப்பாற்று, என்னைத் தனியே விடாதே.

நவீன கவிதை உடலைத் திறந்தது என்பார்கள். உண்மைதான். குட்டி ரேவதியின் 'முலைகள்' 2002இல் வந்தபோது எழுந்த கூச்சலை என் தலைமுறை மறக்காது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு மாறிப்போன உடலைப் படுக்கையில் கணவனின் கண்கள் குறை காண்பதைச் சல்மா எழுதினார். நாங்களும் மார்பை எழுதினோம், கருப்பையை எழுதினோம், தூமையை எழுதினோம். இவற்றுக்கெல்லாம் குறியீடாகும் தகுதி இருந்தது. தையலுக்கு அந்தத் தகுதி இல்லை. சிறுநீர் படும்போது எரியும் காயத்தை, மலம் கழிக்கப் பயந்து சாப்பிடாமல் இருக்கும் நாட்களை, மூன்று மாதம் கழித்துக் கணவன் நெருங்கும்போது உடம்பு தானாக இறுகிக்கொள்வதைக் குறியீடாக்க முடியாது. அது வெறும் வலி. வெறும் வலிக்குக் கவிதையில் இன்னும் இடம் கொடுக்கவில்லை என்பது பெண்கவிதை மீதான என் விமர்சனம்.

பிரசவ வார்டில் பெண்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி குழந்தையைப் பற்றியது. இரண்டாவது, 'உனக்கு எத்தன தையல்?' என் மகள் பிறந்த மருத்துவமனையில் என்னை வெட்டினார்கள் என்பதே தைக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. மரத்துப்போக ஊசி போட்டது சரியாகப் பிடிக்கவில்லை. எத்தனை தையல் என்று கேட்டேன். 'எண்ணி என்ன பண்ணப் போற?' என்றார் தைத்தவர். அப்போது நான் முனைவர் பட்ட ஆய்வாளர். சொற்களை எண்ணுவதுதான் என் வேலை. ஆனால் அந்த மேசையில் கால்கள் கட்டி உயர்த்தப்பட்ட நிலையில் பதில் சொல்ல எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. தமிழில் தையல் என்றால் பெண் என்றும் பொருள். தையலின் சொல்லைக் கேட்கக் கூடாது என்று பழைய ஆத்திசூடி சொன்னது. பாரதி தன் புதிய ஆத்திசூடியில் அதைத் திருத்தினான். பிரசவ அறைக்கு அந்தத் திருத்தம் இன்னும் போய்ச் சேரவில்லை.

இந்த வெட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1742இல் டப்ளினைச் சேர்ந்த ஃபீல்டிங் ஔல்ட் என்ற மருத்துவர் தம் பேறுகால நூலில் இதைப் பதிவு செய்தார். குழந்தையின் தலை வெளிவராமல் சிக்கிக்கொள்ளும் அரிதான நேரத்துக்கு மட்டும் என்றே அவர் எழுதினார். 1920இல் சிகாகோவின் ஜோசஃப் டிலீ அதை எல்லாப் பெண்களுக்கும் உரிய முன்னெச்சரிக்கையாக்கினார். பிரசவத்தையே நோய்க்கு நிகரான செயலாகக் கண்டவர் அவர். முதல் பிரசவம் என்றால் மயக்கம் கொடுத்து, வெட்டி, ஆயுதம் போட்டு எடுப்பது என்ற முறை அங்கிருந்து பாடநூல்களுக்குப் போனது. தானாகக் கிழிவதைவிட நேராக வெட்டுவது நல்லது, சீக்கிரம் ஆறும், பிற்காலத்தில் கருப்பை இறங்காது என்று மூன்று காரணங்கள் சொன்னார்கள். மூன்றையும் பல பத்தாண்டுகளுக்கு யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

முதலில் கேள்வி கேட்டவர்கள் பெண்கள். 1981இல் இங்கிலாந்தில் ஷீலா கிட்சிங்கர், வெட்டுப்பட்ட பெண்களின் அனுபவங்களைத் திரட்டி வெளியிட்டார். 1984இல் ஜெனிஃபர் ஸ்லீப் என்ற மருத்துவச்சி, மருத்துவர்களுடன் சேர்ந்து 1000 பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். தாராளமாக வெட்டுவதால் தாய்க்கு எந்த நன்மையும் இருப்பதாக அதில் தெரியவில்லை. 1993இல் அர்ஜென்டினாவில் 2606 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு வழக்கமாக வெட்டுவதையும், தேவைப்பட்டால் மட்டும் வெட்டுவதையும் ஒப்பிட்டது. முதல் பிரிவில் சுமார் 83 விழுக்காட்டினருக்கு வெட்டு, இரண்டாவதில் 30. கடுமையான கிழிசலோ முதல் பிரிவில் 1.5, இரண்டாவதில் 1.2 விழுக்காடு. அத்தனை பேரை வெட்டியும் காப்பாற்றியதாகச் சொல்லப்பட்ட தசை காப்பாற்றப்படவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 1996லேயே இதை முறையற்று அதிகம் பயன்படுத்தப்படும் செயல்களின் பட்டியலில் வைத்தது. 2018இல் வெளியிட்ட பரிந்துரைகளில், தானாக நிகழும் பிரசவத்தில் வழக்கமாகவோ தாராளமாகவோ வெட்டுவது கூடாது என்றது. வெட்டியே ஆகவேண்டிய நிலை வந்தால் மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்திருக்க வேண்டும், பெண்ணிடம் விளக்கி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும் என்றது. வயிற்றின்மேல் அழுத்திக் குழந்தையைத் தள்ளுவது வேண்டாம் என்றும் சொன்னது. ஆயினும் முதல் பிரசவம் என்றால் வெட்டு என்ற பழக்கம் நம் பிரசவ அறைகளை விட்டுப் போய்விடவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் முடிவுத் தாளில் சிசேரியனுக்கு ஒரு வரி உண்டு. 2019-21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு, தனியாரில் 63.8, அரசில் 36. வெட்டுக்கு அந்தத் தாளில் வரி இல்லை. எண்ணப்படாதது விவாதிக்கப்படுவதும் இல்லை. எண்ணி என்ன செய்யப் போகிறாய் என்று என்னிடம் கேட்டது ஒருவர் மட்டும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்பதற்கு அமிர்தியைச் சொல்ல வேண்டும். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, ஜவ்வாது மலையின் அடியில் இருக்கிறது அமிர்தி. அருவி பார்க்கவும் வனத்துறையின் சிறு விலங்குப் பூங்காவைப் பார்க்கவும் வேலூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் போகும் இடம். அங்கிருந்து நம்மியம்பட்டு வழியாக ஜமுனாமரத்தூருக்கு மலைப்பாதை ஏறுகிறது. மலையாளி பழங்குடியினரின் ஊர்கள் அந்த மலைமடிப்புகளில் இருக்கின்றன. தாலாட்டுப் பாடல்கள் சேகரிக்க முதுகலை மாணவிகளோடு அமிர்திப் பக்கம் போயிருந்தேன். மாணவிகளில் ஒருத்தி மலையைச் சேர்ந்தவள். அவளுடைய அக்காவுக்கு ஏழாம் மாதம், இரண்டாவது பிள்ளை. 'அம்மா, அக்கா இந்தத் தடவ கீழ போகமாட்டேங்குது. மொதப் புள்ளைக்குக் கட் பண்ணது சீழ் வெச்சு மூணு மாசம் கஷ்டப்பட்டுது. இங்கயே பெத்துக்கிறேன்னு சொல்லுது. நீங்க சொல்லுங்கம்மா' என்றாள்.

அங்கே பல பிரசவங்கள் பார்த்த ஒரு பாட்டியிடம்தான் தாலாட்டு கேட்டுக்கொண்டிருந்தோம். அக்கா தன்னிடமே பெற்றுக்கொள்ளப் போவதாகச் சொல்வதை அவர் பெருமையாக எடுத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் கோபப்பட்டார். 'ரெண்டு பொண்ணுங்க ரத்தம் நிக்காம என் கண்ணு முன்னால போயிட்டாங்க. நான் இன்னா பண்ண முடிஞ்சுது? போவச் சொல்லும்மா' என்றார். பிறகு அவரிடம் கிழிசலைப் பற்றிக் கேட்டேன். 'அவசரப்படுத்தினா கிழியும். தலை தெரியறப்போ முக்காதேன்னு சொல்லணும். மூச்ச விடுன்னு சொல்லணும். கைய வெச்சுத் தாங்கிக்கணும். மெதுவா வந்தா அது வழி பண்ணிக்கும்' என்றார். எப்போதும் கிழியாதா என்றேன். 'கிழியும், சிலதுக்குக் கிழியும்' என்றார்.

அந்தப் பாட்டி பேசியதை நான் பழங்குடி ஞானம் என்று கொண்டாட வரவில்லை. அவரே அதை அனுமதிக்க மாட்டார். மலையில் பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லும் உரிமை வேலூரில் வாடகை வீட்டில் இருக்கும் எனக்கு இல்லை. 2023 மே மாதம் இதே வேலூர் மாவட்டத்தின் அல்லேரி மலையில், பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலைச் சாலை இல்லாததால் தாய் சுமந்து நடந்தார். ரத்தப்போக்கு தொடங்கியபின் இறங்கிப் போகலாம் என்று எண்ணக்கூடிய மலை இல்லை இது. நிறுவனப் பிரசவம் தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு என்பது நம் கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் வீடு வீடாக நடந்து ஈட்டிய சாதனை. மாநிலத்தின் மகப்பேறு உதவித் திட்டத்துக்கு முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் இருப்பதும் பொருத்தமே. ஆனால் மீதமுள்ள அரை விழுக்காட்டுக்கும் குறைவானவர்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டால், அறியாமை என்றும் மூடநம்பிக்கை என்றும் பதில் வருகிறது. அந்த அக்காவிடம் அறியாமை இல்லை. அவள் ஏற்கெனவே போய்வந்தவள். அறிந்ததால் மறுக்கிறாள்.

சிசிலியா வான் ஹாலன் என்ற மானுடவியலாளர் 1990களில் சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஏழைப் பெண்களின் பிரசவங்களை ஆய்வு செய்து எழுதிய நூல் 2003இல் வெளிவந்தது. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. அந்தப் பெண்கள் நவீன மருத்துவத்தை எதிர்க்கவில்லை. வலி ஊசியைக் கேட்டு வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. அவர்கள் எதிர்த்தது திட்டுவதை, காசு பிடுங்குவதை, கேட்காமல் காப்பர் டி வைத்து அனுப்புவதை. மருத்துவம் வேண்டும், அவமதிப்பு வேண்டாம் என்ற தெளிவான விமர்சனம் அது. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக்கொடுத்துவிட்டு, பொட்டலத்தை மறுப்பவளை மருத்துவத்தை மறுப்பவளாகக் காட்டுவதுதான் நடக்கிறது.

வேலூரில் பெண்ணுரிமையும் பிரசவமும் சந்திக்கும் கதை ஒன்றை எல்லோரும் அறிவோம். 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவிகளுக்கு உதவ ஐடா ஸ்கடரை அழைத்தார்கள். அவர் அப்போது மருத்துவர் இல்லை. மருத்துவரான அவருடைய தந்தையை அனுப்புவதாகச் சொன்னபோது, ஆண் மருத்துவர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா மருத்துவம் படித்துத் திரும்பி வந்து 1900இல் வேலூரில் ஓர் அறையில் தொடங்கியது பெரிய மருத்துவமனையாகி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் ஆனது. மகத்தான கதை. நான் அதை வகுப்பில் சொல்லும்போது மாணவிகளிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு: மூன்று பெண்களில் யாரேனும் ஒருத்தியிடம், உனக்கு ஆண் மருத்துவர் வரட்டுமா என்று யாராவது கேட்டார்களா? கணவன் வேண்டாம் என்றான், அவள் செத்தாள். அன்று கணவனிடம் இருந்த பதில் சொல்லும் அதிகாரம் இன்று பிரசவ அறைப் பணியாளரிடம் இருக்கிறது. கைமாறியது மட்டும் நடந்திருக்கிறது. அவளிடம் வந்து சேரவில்லை.

எதிர்வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் இரவில் ஒரே செவிலியர், மூன்று பிரசவங்கள் என்றால் அவர் என்ன செய்வார்? மெதுவாக வரட்டும் என்று காத்திருக்க நேரம் வேண்டும். கத்தரிக்கு அரை நிமிடம் போதும். தானாகக் கிழிந்து மூன்றாம் படி ஆகிவிட்டால் மேலதிகாரி அவரைத்தான் கேட்பார். வெட்டியதற்கு யாரும் கேட்கமாட்டார்கள். நியாயமான அச்சம்தான். அந்தச் செவிலியரும் பெண். அவர் உடலிலும் இதே தையல் இருந்திருக்கக்கூடும். ஆகவே என் கோபம் அவர்மீது இல்லை. காத்திருப்பதை வேலையாக எண்ணாத, கத்தரி எடுப்பதை மட்டும் வேலையாக எண்ணும் கணக்கின்மீதுதான். இந்திய அரசு 2017 டிசம்பரில் பிரசவ அறைகளை மேம்படுத்த 'லக்ஷ்யா' திட்டத்தைத் தொடங்கியது; 2018இல் மருத்துவச்சி சேவைக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மரியாதையான பராமரிப்பு என்ற சொல் இப்போது ஆவணங்களில் இருக்கிறது. அந்தச் சொல் வேலையாக மாற ஆட்கள் வேண்டும்.

இன்னொரு பக்கம், காசுள்ள பெண்களுக்கு இதே அச்சம் வேறு சரக்காக விற்கப்படுகிறது. ஒரு கடையில் 'நார்மல் டெலிவரி' உறுதி என்று பயிற்சி வகுப்புகள். எதிர்க்கடையில் 'கீழே கிழியாது, அழகு கெடாது' என்று தேதி குறித்த சிசேரியன். இரண்டு கடையிலும் பெண்ணின் யோனி யாருக்காகப் பாதுகாக்கப்படுகிறது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணவனின் இன்பத்துக்காக ஒரு தையல் கூடப் போடுவது என்ற கொடுமைக்கு ஆங்கில உலகில் தனிப்பெயரே இருக்கிறது. நம் பெண்களும் தைத்து முடித்தபின் சிரிப்போடு சொல்லப்பட்ட அத்தகைய வார்த்தைகளைக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் அதைப் பெரும்பாலும் தமக்குள்ளேயே புதைத்துக்கொண்டார்கள்.

சரி, கிழியாமல் காக்க என்னதான் இருக்கிறது? அறுதியாகக் காக்கும் வழி எதுவும் இல்லை. பாட்டி சொன்னதுபோலச் சிலருக்குக் கிழியும். முதல் பிரசவம், பெரிய குழந்தை, ஆயுதம் போட்டு எடுப்பது ஆகியவை ஆபத்தைக் கூட்டும். ஆனால் குறைக்க முடியும் என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. முதல் பிரசவத்துக்குக் காத்திருப்பவர் 34, 35ஆம் வாரத்திலிருந்து, சுத்தமான கையால், சுத்தமான எண்ணெய் தொட்டு அந்தத் தசையை வாரத்தில் ஓரிரு முறை மெல்ல நீவி விரித்துப் பழக்கினால், தைக்க வேண்டிய காயம் சற்றுக் குறைகிறது. தொற்றோ ரத்தக்கசிவோ நஞ்சு கீழிறங்கிய நிலையோ இருந்தால் அதைச் செய்யக் கூடாது; தன்னைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். பிரசவத்தின் இரண்டாம் கட்டத்தில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுத்தால் மூன்றாம், நான்காம் படிக் கிழிசல்கள் குறைகின்றன. தலை வெளிவரும் நேரத்தில் கையால் தாங்குவதும், முக்கு முக்கு என்று கத்தாமல் அவளுக்கே வரும் உந்துதலுக்கு விடுவதும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளில் இருக்கின்றன. மல்லாக்கப் படுத்துக் காலைக் கட்டும் நிலை பெறுகிறவளுக்காக ஏற்பட்டதில்லை, பார்க்கிறவருக்காக ஏற்பட்டது. குந்தியோ மண்டியிட்டோ நிமிர்ந்த நிலையில் பெறும்போது வெட்டு குறைகிறது. சிறு கிழிசல் சற்றுக் கூடவும் செய்யலாம். எது வேண்டும் என்பதை அவள் சொல்லட்டும்.

வெட்ட வேண்டிய நேரமும் உண்டு. குழந்தையின் இதயத்துடிப்பு விழுகிறது, ஆயுதம் போட்டு உடனே எடுக்க வேண்டும் என்றால் அந்த வெட்டு ஓர் உயிர். அப்போதும் நேராக மலவாயை நோக்கி வெட்டாமல், சுமார் 60 பாகை பக்கவாட்டில் வெட்ட வேண்டும். தைத்தபின் மலவாய்த் தசை நன்றாக இருக்கிறதா என்று விரலால் சோதிக்க வேண்டும். இவற்றைச் செய்வதற்கு முன்னால் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். 'குழந்தைக்கு மூச்சு முட்டுது, கொஞ்சம் வெட்டி எடுக்கணும், ஊசி போட்டுடறேன், சரியாம்மா?' எண்ணிப் பார்த்தால் ஒன்பது சொல். எந்த அவசரத்திலும் இதைச் சொல்லிவிடலாம்.

அந்த மாணவியின் அக்காவோடு அன்று மாலை நெடுநேரம் பேசினேன். கீழே போக வேண்டும் என்று பாட்டி சொன்னதையே நானும் சொன்னேன். கூடவே ஒன்று சொன்னேன்: பிரசவத் துணையாக ஒரு பெண் உள்ளே இருக்க அரசு மருத்துவமனைகளில் ஏற்பாடு இருக்கிறது, தங்கையை உள்ளே கூட்டிப் போ, வெட்டுவதானால் சொல்லிவிட்டு வெட்டச் சொல்லி அவளைக் கேட்கச் சொல். 'நாம கேட்டா திட்டமாட்டாங்களா?' என்றாள். திட்டினாலும் திட்டுவார்கள் என்றேன். அதற்குமேல் நான் அவளுக்கு எந்த உறுதியும் கொடுக்க முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து ஆண் குழந்தை பிறந்ததாக மாணவி சொன்னாள். தங்கை உள்ளே இருந்திருக்கிறாள், கேட்டிருக்கிறாள். பணியில் இருந்த செவிலியர் முதலில் முறைத்துவிட்டு, பிறகு பொறுத்திருந்து பார்த்திருக்கிறார். சிறிதாகக் கிழிந்து இரண்டு தையல். எண்ணிச் சொல்லியிருக்கிறார்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு என் வேண்டுகோள் மொழி சார்ந்தது. வீட்டில் யாருக்காவது பிரசவமானால் 'நார்மலா, சிசேரியனா' என்று கேட்டு நிறுத்தாதீர்கள். வெட்டினார்களா, கேட்டுவிட்டு வெட்டினார்களா, எத்தனை தையல், உட்கார முடிகிறதா, ஒன்றுக்குப் போகும்போது எரிகிறதா, அடக்க முடிகிறதா என்று கேளுங்கள். அம்மாவிடமும் கேளுங்கள், முப்பது ஆண்டு தாமதமானாலும் சொல்வார். இடக்கரடக்கல் அவையில் பேசுவதற்கான இலக்கணம். அடுப்படியில் இரண்டு பெண்கள் பேசிக்கொள்ள அது தேவையில்லை.